மூன்று மழை பார்த்த ஆயில்

வியாழக்கிழமை மத்தியானம், கம்பெனி கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கமலத்தின் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'தோட்டம்' என்று வந்தது. கணவர் இளங்கோவனின் எண்ணை அவள் அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தாள். தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாட்களில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவதில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"கமலா, டிராக்டர் ஹைட்ராலிக் தூக்க மாட்டேங்குது" என்றார் எடுத்த எடுப்பில். சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் எதுவும் இல்லை. முந்தாநாள்தான் பேசி வைத்ததுபோல இருந்தது குரல்.

"லிவரை மேல தள்ளினா என்ன ஆகுது?"

"முனகுது. பின்னால கலப்பை ஒரு சாண் எழும்புது. அப்புறம் அப்படியே படுத்துக்குது."

"டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தீங்களா? ஆயில் என்ன நிறம்?"

"டீ மாதிரி இருக்குது."

"பால் விட்ட டீயா, பால் விடாததா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "பால் விட்டதுதான். நம்ம இரானி ஓட்டல் டீ."

"உள்ள தண்ணி இறங்கிடுச்சுங்க. இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க. யாரை விட்டும் பிரிக்கவும் வேணாம்." அவள் ஒரு கணம் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. "ஹவ், வா" என்று ஆமாம் போட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். கமலம் கையை உலர விட்டு வெகுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமச்சந்திராபுரத்தில் அந்தப் பெரிய தொழிற்சாலையில் அவள் முப்பத்தேழு வருடமாக வேலை பார்க்கிறாள். துவாக்குடியிலிருந்து டிப்ளமோ சான்றிதழோடும் ஒரு இரும்புப் பெட்டியோடும் வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. டர்பைனைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் பகுதியில் அவள் ஒருத்திதான் பெண். அடுத்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு. அதற்கப்புறம் மூன்று மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று அவள் இன்னும் யாரிடமும் பேசவில்லை, தன்னிடம்கூட.

இளங்கோவன் மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்தவர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனைக்கு வந்த ஃபிட்டர். வீட்டில் வட ஆர்க்காட்டுத் தமிழ், தெருவில் தக்கனி உருது, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்ததால் அவர் பேச்சில் மூன்றும் கலந்தே வரும். செகந்திராபாத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தார். கல்யாணமாகி ஆறாம் வருடம் சங்காரெட்டி சாலையை ஒட்டி மூன்று ஏக்கர் வாங்கினார்கள். அடுத்த வருடமே அவர் வேலையை உதறிவிட்டுக் கொய்யா போட்டார். மாமியாருக்கு அதில் பெரிய வருத்தம். கமலத்துக்கு இல்லை. ஆபீசிலிருந்து வரும்போது செருப்பை இழுத்துக்கொண்டு வந்த மனிதர் கொய்யாக் கன்றுகளுக்கு இடையே சீட்டியடித்துக்கொண்டு நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

தொண்ணூற்றொன்பதில் டிராக்டர் வந்தது. வரும்போதே அதற்குப் பதினைந்து வயது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஜஹீராபாத் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வாங்கி, வழியெல்லாம் புகை விட்டுக்கொண்டு அவரே ஓட்டி வந்தார்.

அந்த நாட்களில் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. இரண்டரை மணி கம்பெனி பஸ் சங்காரெட்டி வரைக்கும் போகும். தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், வேப்பமரத்தடியில் டிராக்டரை நிறுத்திக்கொண்டு இளங்கோவன் காத்திருப்பார். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். "மேடம், உங்க கார் வந்தாச்சு!" என்று யாராவது கத்துவார்கள். அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இடது மட்கார்டின்மேல் ஏறி உட்காருவாள். வண்டி மண்பாதையில் இறங்கும்போது அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் அவள் முழங்காலையும் பிடித்துக்கொள்வார். விழாமல் இருக்கத்தான் என்பார்.

முதல் தடவை ஹைட்ராலிக் ஆயில் மாற்றியது அந்த ஜூன் மாதம், மழைக்கு முன்னால். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக அடியில் புகப் போனார். கமலம் தடுத்து, முதலில் பிளக்கைச் சுற்றி டீசலால் துடைத்துச் சுத்தம் பண்ணினாள்.

"கழட்டி ஊத்தப்போற ஆயிலுக்கு எதுக்கு இந்தக் குளிப்பாட்டல்?" என்று அவர் சிரித்தார்.

"வர்றது அழுக்கா இருக்கலாங்க. திறந்து வெச்ச ஓட்டை வழியா மண்ணு உள்ள போகக் கூடாது."

கம்பெனியில் பத்தாயிரம் லிட்டர் எண்ணெய்க்குச் செய்கிறதை முப்பது லிட்டருக்கும் செய்தாள். புது ஆயில் ஊற்றி முடித்ததும் பாரம் தூக்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கலப்பை அன்று வேறு இடத்தில் இருந்தது. "நீ ஏறி நில்லு" என்றார் அவர். பின்னால் கலப்பையைத் தூக்குகிற இரண்டு இரும்புக் கைகளுக்குக் குறுக்கே இருந்த கம்பியின்மேல் சேலையைச் செருகிக்கொண்டு அவள் ஏறி நின்றாள். அவர் லிவரைத் தள்ளினார். இரும்புக் கை இரண்டும் அவளைக் கோயில் வாகனம்போல மெதுவாகத் தூக்கின. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்தான். ஆனால் அங்கிருந்து தோட்டம் முழுவதும், முழங்கால் உயரக் கன்றுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. "இறக்காதீங்க, கொஞ்சம் இருங்க" என்று அவள் சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் பிரிந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சண்டை இல்லை, வக்கீல் இல்லை. குழந்தை இல்லாததும் காரணமில்லை. அந்தத் துக்கத்தை அவர்கள் சேர்ந்துதான் கடந்தார்கள். இரண்டாயிரத்துப் பத்தில் ஒடிசாவில் ஒரு மின்நிலைய வேலைக்குக் கமலத்தை இரண்டு வருடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சனிக்கிழமை பஸ் நின்றுபோயிருந்தது. அவளுக்குக் குவார்ட்டர்ஸ், அவருக்குத் தோட்டத்து வீடு என்று பழகியிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை என்பது மாதத்துக்கு ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்றாகி, கடைசியில் பண்டிகைக்கு ஒரு போன் என்று ஆனது. நடுவில் ஒரு விஷயம் இருந்தது. அதை இரண்டு பேருமே தொட்டதில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கமலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வேப்பமரம் இருந்த முனையில் இப்போது மேம்பாலத் தூண். அடுக்குமாடிக் கட்டடங்கள் தோட்டத்து வேலி வரைக்கும் வந்து நின்றிருந்தன. தோளில் துணிப்பை கனத்தது. அவளுடைய சொந்த ஸ்பேனர் செட், செம்பு வாஷர்கள், துடைக்க ஒரு கட்டு பனியன் வேஸ்ட், தண்ணீர் அங்கேதான் இறங்கியிருக்கும் என்ற ஊகத்தில் கியர் லிவருக்குப் புது ரப்பர் மூடி.

இளங்கோவன் கேட்டருகே நின்றிருந்தார். பேன்ட்டை பெல்ட் சுருக்கிப் பிடித்திருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு.

"இளைச்சிட்டீங்க."

"டிராக்டர் ஓடலல்ல. எங்க போனாலும் நடந்துதான் போறேன்" என்றார். அவள் தோளிலிருந்து பையை வாங்கக் கை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, கேட்டைத் தாழ்ப்பாள் போடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். கமலம் அதைக் கவனித்தாள்.

டிராக்டர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. கொட்டகையின் ஒரு மூலையில் தகரம் பிய்ந்து வானம் தெரிந்தது. சரியாக அதற்குக் கீழேதான் கியர் லிவர். லிவரின் அடியிலிருந்த ரப்பர் மூடி வெடித்துப் பிளந்திருக்க, அதன்மேல் பால் கவரைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார்.

"இது வழியாத்தான் இறங்கியிருக்கு" என்றாள் கமலம்.

"கவர் போட்டுத்தானே வெச்சிருந்தேன்."

"கவர் மழைக்குத் தாங்கும்னு நினைச்சீங்களா?"

"மனுசன் நினைக்கறதெல்லாம் நடக்குதா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "இதை யாதகிரிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன் கமலா. நிலத்தையும் அவர்தான் பாத்துக்கப் போறார். நான் மௌலா அலிக்கு, முரளி வீட்டுக்குப் போறேன். குடுக்கற பொருளை ஓடற நிலையில குடுக்கணும்ல?"

முரளி அவருடைய தம்பி. யாதகிரி பக்கத்து நிலத்துக்காரர், இருபது வருடப் பழக்கம். தோட்டத்தைவிட்டு அவர் போவார் என்று கமலம் கனவிலும் நினைத்ததில்லை. "எதுக்கு?" என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அவர் அதற்குள் டிராக்டரில் ஏறிவிட்டார்.

"இப்ப மட்டும் பத்து நிமிஷம் சும்மா ஓட விடுங்க. ஆயில் சூடாகட்டும். ஆறின ஆயில் அழுக்கை உள்ளயே விட்டுட்டு வெளிய வந்துடும்."

இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடமாகிவிட்டது என்று கமலம் எண்ணிப் பார்த்தாள். எட்டு. ஆனாலும் எந்த இடத்தில் அது ஒரு துடிப்பை விழுங்கும் என்று அவள் காதுக்குத் தெரிந்திருந்தது.

இன்ஜினை நிறுத்தியதும் சாக்கை விரித்து டிராக்டர் வயிற்றுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பழைய வழக்கப்படியே பிளக்கைச் சுற்றித் துடைத்தாள். பாதியாக அறுத்த டிரம்மை அவர் காலால் தள்ளி அடியில் வைத்தார். ஸ்பேனரால் இளக்கி, கடைசி இரண்டு மரையைக் கையால் திருகி, சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். முதலில் வந்தது ஆயிலே இல்லை. ஒரு சொம்பு கலங்கல் தண்ணீர். அதன் பின்னால் தடித்த, மந்தமான பழுப்பு நிறத்தில், நுரைத்துக்கொண்டு, ஆயில் இறங்கியது.

"அய்யோ" என்றார் இளங்கோவன் மெதுவாக.

"மூணு இடத்துலயும் பிளக்கைக் கழட்டணும். ஒரு தடவை வடிச்சாப் போதாது. லேசான ஆயிலை ஊத்தி ஓட்டி, அதையும் வடிச்சிட்டு, அப்புறம்தான் நல்ல ஆயில்."

பிளக்கின் முனையில் காந்தம் இருந்தது. அதில் கறுப்பாக மை போல ஒட்டியிருந்ததை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. துண்டு, துணுக்கு எதுவும் குத்தவில்லை.

"பல்லெல்லாம் நல்லா இருக்குங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம்தான் கெட்டுப்போச்சு."

அவர் ஏனோ அதற்குச் சிரிக்கவில்லை.

பெரிய ஸ்பேனர் வேண்டியிருந்தது. டிராக்டரின் கருவிப்பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறத்தில் வெள்ளை பெயின்டில் தேதிகள் இருந்தன. முதல் வரி, 'ஜூன் 99', அவள் கையெழுத்து. அதற்குக் கீழே அவருடைய சாய்ந்த எழுத்தில் ஒவ்வொரு ஜூனும். அவள் ஒடிசாவில் இருந்த வருடங்கள். அவள் வராமல் போன வருடங்கள். ஒன்று விடாமல், தனியாக, இந்தச் சாக்கில் உட்கார்ந்து, பிளக்கைச் சுற்றித் துடைத்து மாற்றியிருக்கிறார். அவள் விரல் வரிசையாக இறங்கி 'ஜூன் 21'இல் நின்றது. அதற்கப்புறம் வெறும் தகரம்.

"இருபத்திரண்டுல மாத்தலையா?"

"மறந்துட்டேன்."

"இருபத்திமூணு?"

"அப்படியே போயிடுச்சு."

"மாத்தாம மூணு மழை போயிருக்கு" என்றாள் கமலம், டிரம்மைப் பார்த்து. "இருபத்திரண்டு வருஷம் மறக்காத மனுஷனுக்கு அப்புறம் என்ன வந்துச்சு?"

"நக்கோ கமலா, விடு. வடியட்டும். சாப்பிடலாம் வா."

அவரே சமைத்திருந்தார். சோறு, தக்காளிப் பப்பு, வெண்டைக்காய்ப் பொரியல். கமலம் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். உப்பே இல்லை. மாவடுவையும் கோங்குரா ஊறுகாயையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மனிதர் அவர். சமையலறை அலமாரியில் ஊறுகாய் ஜாடி எதுவும் காணவில்லை.

"உப்பு போட மறந்துட்டீங்களா?"

"உனக்கு வேணும்னா எடுத்துக்க. அங்க டப்பால இருக்கு."

அவர் தன் தட்டுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. கமலமும் போட்டுக்கொள்ளாமலே சாப்பிட்டாள்.

மூன்று பிளக்கிலிருந்தும் ஆயில் சொட்டுச் சொட்டாக நின்றபோது யாதகிரி பைக்கில் வந்தார். பின்னால் இருபது லிட்டர் ஆயில் பக்கெட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார். "நமஸ்தே மேடம், எத்தனை நாளாச்சு!" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். இளங்கோவன் எட்டிப்போய் பக்கெட்டின் பிடியில் கை வைத்தார்.

"சார்! விடுங்க! டாக்டர் என்ன சொன்னார்?" யாதகிரி கிட்டத்தட்ட கத்திவிட்டார். "பாரம் தூக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

கமலம் கையில் புனலோடு நின்றாள். யாதகிரி அவள் முகத்தைப் பார்த்தார், இளங்கோவன் முகத்தைப் பார்த்தார். தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்தது. பக்கெட்டை டிராக்டருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "மோட்டார் போட்டுட்டு வந்தேன்" என்று முணுமுணுத்துப் போய்விட்டார்.

"என்ன டாக்டர்?" என்றாள் கமலம்.

இளங்கோவன் சாக்கின்மேல் உட்கார்ந்தார். டிராக்டரின் பெரிய டயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மே மாசம். காலைல தண்ணி பாய்ச்சிட்டிருந்தேன். நெஞ்சுல யாரோ முழங்காலைப் போட்டு அமுத்தற மாதிரி. யாதகிரிதான் ஆட்டோல போட்டுத் தூக்கிட்டுப் போனார். ஸ்டென்ட் வெச்சாங்க. ரெண்டு. அவ்ளோதான். இப்ப நல்லா இருக்கேன்."

"அவ்ளோதானா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு செக்கப். குனிஞ்சு வேலை செய்யாதேன்னாங்க, பாரம் தூக்காதேன்னாங்க. அதான் ஜூன்ல ஆயில் மாத்தல."

"பேப்பர்ல யாரு கையெழுத்து போட்டது?"

அவர் சாக்கின் ஓரத்தைச் சுருட்டினார்.

"கேக்கறேன்ல? ஆபரேஷனுக்கு முன்னால ஒரு பேப்பர் நீட்டுவாங்க. வீட்டுக்காரங்க யாருன்னு கேப்பாங்க. யாரு போட்டது?"

"யாதகிரி."

"முப்பது கிலோமீட்டர்ல நான் இருந்தேன். போன் இருந்துச்சு. நான் செத்தாப் போயிட்டேன்?"

"கமலா..."

"சொல்லுங்க. ஏன் சொல்லல? கைக்கு சொல்லல? உங்க தக்கனிலயே கேக்கறேன்."

இளங்கோவன் டிரம்மில் தேங்கியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ ஒடிசால இருந்தப்ப, அம்மா செத்த அன்னிக்கு, நான் உனக்குக் காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணேன். நீ வருவேன்னு ஐஸ் பெட்டில ரெண்டு நாள் வெச்சிருந்தோம். நீ வரல. எடுத்தப்புறம் மூணாம் நாள் வந்தே. டிக்கெட் கிடைக்கலைன்னே. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அந்த ரெண்டு நாளும் கேட்டுல ஆட்டோ நிக்கற சத்தம் கேட்டா எழுந்து போவேன். அது மாதிரி இன்னொரு தடவை படுத்துக்கிட்டு வாசலைப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. சொல்லி நீ வராம இருக்கறதுக்கு, சொல்லாமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணுச்சு."

கமலம் டிராக்டர் பக்கம் திரும்பினாள். வடிகட்டியைக் கழற்றி எடுத்தாள். கம்பி வலை முழுவதும் பிசுபிசுவென்று களிம்பு மாதிரி அடைத்திருந்தது. ஒரு பழைய தட்டில் டீசல் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். வலை பளிச்சென்று ஆன பிறகும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் இருந்துச்சு" என்றாள், தலை நிமிராமல்.

அவர் திரும்பினார்.

"அன்னிக்கு மத்தியானமே ஃபிளைட்டு இருந்துச்சுங்க. எங்க மேனேஜரே புக் பண்ணித் தரேன்னார். ஆனா அன்னிக்குத்தான் டர்பைனோட முதல் ட்ரயல். ரெண்டு வருஷ வேலை. அந்த சைட்டுல நான் ஒருத்திதான் பொம்பளை. நான் கிளம்பிட்டா 'பாத்தீங்களா, இதுக்குத்தான் பொம்பளையை அனுப்பக் கூடாது'ன்னு சொல்லுவாங்க. ஒரு நாள் தள்ளிப் போனா என்னன்னு நினைச்சேன். அன்னிக்கு ட்ரயல் நடக்கல. மறுநாள்தான் நடந்துச்சு. முடிஞ்சு எல்லாரும் கை தட்டினாங்க. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். உங்க அம்மா என்னைப் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க முகத்தைப் பாக்காம ஒரு மெஷினைப் பாத்துக்கிட்டு நின்னேன். அதை உங்ககிட்ட சொல்ல வாய் வரல. சொல்லாம உங்க எதிர்ல வந்து உக்காரவும் முடியல. அதான் வராம இருந்தேன்."

தகரக் கூரைமேல் ஏதோ பறவை ஓடும் சத்தம் கேட்டது. இளங்கோவன் விரலை மடக்கி எண்ணினார்.

"பதிமூணு வருஷம்" என்றார் கடைசியில். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வேலையில நீ பெரிய ஆள் ஆயிட்டே, கொய்யா விக்கறவன் வீடு உனக்குச் சின்னதாப் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"லூசா நீங்க?"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் சொன்ன அதே வேகத்தில். இளங்கோவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார், கையெல்லாம் ஆயிலாக இருந்ததால். கமலம் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது, அவர்மேலும் தன்மேலும். ஆனால் ஒரு பனியன் வேஸ்ட்டை எடுத்து அவர் பக்கம் எறிந்தாள்.

"பிளக்கைப் போடணும். எழுந்திருக்க வேணாம், வாஷரை மட்டும் எடுத்துக் குடுங்க."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் வடிகட்டியைத் திரும்ப மாட்டி, மூன்று பிளக்கையும் முடுக்கினாள். யாதகிரி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கெட்டைத் தூக்கிப் புனலில் சாய்த்தார். லேசான ஆயிலை ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, அதையும் வடித்தார்கள். இந்தத் தடவை வந்தது வெளுத்த டீ. சொட்டு நிற்கும் வரைக்கும் பொறுத்து, பிறகு நல்ல ஆயில். கொட்டகை ஓரத்தில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இன்னொரு பக்கெட்டும் இரண்டு கேனும். கிழிந்த ரப்பர் மூடியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள் கமலம். பழைய ஆயிலையெல்லாம் மண்ணில் கொட்டாமல் கேன்களில் அடைத்து யாதகிரி ஓரமாக வைத்தார். வெயில் கொட்டகைக்குள் சாய்வாக வந்துவிட்டது.

"நீயே ஏறு" என்றார் இளங்கோவன்.

கமலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முழங்கால் வலித்தது. டிராக்டர் சீட்டில் அவள் உட்கார்ந்ததே நாலைந்து தடவைதான் இருக்கும். அவளுடைய இடம் எப்போதும் மட்கார்டுதான். இன்ஜின் பிடித்தது. லிவரை மேலே தள்ளினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

யாதகிரி தலையில் கை வைத்தார். "பொறுங்க, காத்து இருக்கு உள்ள" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் கமலம். லிவரைக் கீழே இறக்கி, மேலே தள்ளி, மறுபடி இறக்கினாள். ஆறேழு தடவை. பின்னால் கலப்பை ஒரு தடவை அசைந்தது. குலுங்கியது. பிறகு, யாரோ தூக்கத்திலிருந்து கையூன்றி எழுவதுபோல, மண்ணிலிருந்து கொழுக்களை விடுவித்துக்கொண்டு எழுந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. கமலம் லிவரிலிருந்து கையை எடுத்தாள். கலப்பை அப்படியே நின்றது. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

இளங்கோவன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் முகத்தில் கன்னத்தோரம் ஆயில் தீற்றியிருந்தது. தொண்ணூற்றொன்பதில் அந்தக் கம்பியின்மேல் நின்ற பெண்ணுக்கும் இவளுக்கும் இடையே எத்தனை சனிக்கிழமைகள் வீணாகிவிட்டன என்று அவர் நினைத்தாரோ என்னவோ. வாய்விட்டுச் சொன்னது வேறு.

"அடுத்த செக்கப் செவ்வாய்க்கிழமை. செகந்திராபாத்துல. காலைல ஒன்பது மணி."

இன்ஜினை அணைத்துவிட்டுக் கமலம் மெதுவாக இறங்கினாள். "எனக்கு லீவு நிறைய மிச்சம் இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். பதிவு செய்யும் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் கேள்வி கேட்டாள். பெயர், வயது, முகவரி. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் யாதகிரியின் பெயரும் எண்ணும் இருந்தன.

"அதை மாத்தணும்மா" என்றார் இளங்கோவன்.

கமலம் தன் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டச்சு செய்துவிட்டு, "உறவு?" என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து, ஒருவருக்காக ஒருவர் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பெண்டாட்டி" என்றாள் கமலம். தெலுங்கில் அதைச் சொல்ல அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது வந்தது தமிழ்தான்.

டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். நடக்கச் சொன்னார். உப்பைப் பற்றிக் கமலம் நான்கு கேள்வி கேட்டாள், மாத்திரைகளைப் பற்றி ஆறு. வெளியே வந்ததும் இளங்கோவன், "இவ்ளோ கேள்வி கேட்டா அடுத்த தடவை உள்ளயே விட மாட்டாங்க" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் யாதகிரி டிராக்டரைத் தன் நிலத்துக்கு ஓட்டிப் போனார். நவம்பர் முப்பதாம் தேதி கமலத்துக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் முன் இரண்டு பேரும் மௌலா அலியில் வீடு தேடி அலைந்தார்கள். முரளியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ரயில் சத்தம் கேட்கிற மாதிரி, தரைத்தளத்தில் ஒன்று கிடைத்தது. இரண்டே அறை. முதல் சில வாரங்கள் அவர் ஒன்றிலும் அவள் ஒன்றிலுமாகத்தான் படுத்தார்கள். இத்தனை வருடம் தனியாகத் தூங்கிப் பழகிய உடம்பு உடனே கேட்காது. அதற்காக அவர்கள் அவசரப்படவும் இல்லை. சாயங்காலமானால் டாக்டர் சொன்னபடி ஸ்டேஷன் வரைக்கும் நடப்பார்கள். அவர் வேகத்துக்கு அவள் நடப்பாள். பேசுவதற்குப் பதிமூன்று வருடத்துக் கதை மிச்சம் இருந்தது.